கம்ப்யூட்டருக்குள் ஒரு கெட்டிமேளம்

சிவாஜிநகர் பஸ் நிலையத்தை அடுத்த சந்து ஒன்றில் சிறிய கடை ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, சங்கத்து ஆண்டு விழா நோட்டீஸ், எல்லாவற்றையும் அங்கே வடிவமைத்துத் தருவார்கள். அச்சடிப்பது வேறு இடத்தில். கடைக்காரர் வட ஆர்க்காட்டுக்காரர். அவருடைய தகப்பனார் காலத்தில் இதே கடையில் ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துக் கொண்டிருந்தார்கள். இப்போது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூலையில் ஒரு யு.பி.எஸ். அவ்வளவுதான் முதலீடு.

சென்ற ஆவணியில் ஒரு நாள், சங்கத்து நோட்டீஸ் விஷயமாக நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, அல்சூரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். பேத்தியின் கல்யாணப் பத்திரிகை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். மாப்பிள்ளை வீட்டார் கன்னடக்காரர்கள். பெங்களூரில் இது புதிதல்ல. பெரியவர் போட்ட நிபந்தனைதான் புதிது.

"பழைய எழுத்துல வேணும்" என்றார்.

இளைஞர்களுக்கு இது விளங்காமல் போகலாம். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பெரியார் தம் பத்திரிகைகளில் நெடுங்காலம் கையாண்டு வந்த முறை அது. அதற்கு முன், 'லை', 'ளை', 'ணை', 'னை' என்ற எழுத்துக்களுக்கு முன்னால் யானை துதிக்கையைத் தூக்கினாற்போல ஒரு சுழி நிற்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றுக்கும் துணைக்கால் கிடையாது. எழுத்தே வளைந்து கொள்ளும். பெரியவர் கையோடு தம்முடைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்திருந்தார். மஞ்சள் ஏறி, மடிப்பில் கிழிந்திருந்தது. அதில் துதிக்கைகள் வரிசையாக நின்றன.

கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். விலை கொடுக்க வேண்டாம் என்பதற்காக அவருடைய அக்காள் மகன் போட்டுக் கொடுத்தது. பையனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. போனில் கேட்டார்.

"இருக்கு மாமா. லோஹித் தமிழ் கிளாசிகல்னு ஒரு எழுத்துரு. இலவசம். போட்டுக்குங்க. ரொம்ப நாளா அப்டேட்டே பண்ணலே, அதையும் சேர்த்துப் பண்ணிடுங்க" என்றான்.

அவன் சொன்னபடியே கடைக்காரர் செய்தார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. கடைசியில், "பிராசசிங் டிரிக்கர்ஸ் ஃபார்…" என்று தொடங்கும் வரிகள் வர ஆரம்பித்தன. எல்லாம் முடிந்தது என்று கடைக்காரர் டீ சொல்லப் போனார். மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். பேட்டரி அதற்கு முந்தின வாரமே உயிரை விட்டிருந்தது.

கால் மணி கழித்து மின்சாரம் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை. திரையில் நான்கு வரி இங்கிலீஷ், அதன் பின் மௌனம். மாலை ஆறு மணிக்குப் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். உள்ளே அந்த ஒரு பத்திரிகை மட்டுமா? ஆவணி முகூர்த்தம் அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. கடைக்காரரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தக் கடைசி வரிகள் என்ன? "டிரிக்கர்" என்றால் துப்பாக்கி விசை. ஒரு எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கும் துப்பாக்கி விசைக்கும் என்ன சம்பந்தம்?

பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு

லினக்ஸ் குடும்பத்தில் டெபியன் என்பது பழைய கிளை. 1993 ஆகஸ்டில், அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் தொடங்கியது. அன்று தம் தோழியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அவர் இட்ட பெயர் அது. இன்று தன்னார்வலர்கள் நடத்தும் உலக நிறுவனமாக அது வளர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் அதன் ஆண்டு மாநாடு நம் பக்கத்துக் கொச்சியில்தான் நடந்தது. உபுண்டு போன்ற பல பிரபலமான கிளைகள் இதிலிருந்து முளைத்தவை.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-வது பதிப்பில் ஏறத்தாழ 70 ஆயிரம் பொட்டலங்கள் இருந்தன. பொட்டலத்தைப் பிரித்து வைப்பவர் டிபிகேஜி என்ற நிர்வாகி. மளிகைக் கடைப் பொட்டலத்தைப் போல அது வெறும் சரக்கு மட்டும் அல்ல. உள்ளே ஒரு சீட்டும் இருக்கும். "என்னைப் பிரிப்பதற்கு முன் இதைச் செய், பிரித்த பின் அதைச் செய்" என்று அந்தச் சீட்டில் உத்தரவு எழுதியிருக்கும். நிர்வாகி அதை அப்படியே நிறைவேற்றுவார். வீட்டு எஜமானுக்குள்ள முழு அதிகாரத்தோடு நிறைவேற்றுவார் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இது வேண்டியிருக்கும்.

இனி ஒரு சிக்கல். ஒரு பொட்டலம் வந்தால் அதன் வேலை அதோடு முடிவதில்லை. ஒரு எழுத்துரு வந்தால், எழுத்துருக்களின் கணக்கை வைத்திருக்கும் ஃபாண்ட்கான்ஃபிக் என்ற இன்னொரு மென்பொருள் தன் பதிவேட்டைத் திருத்திக் கொள்ள வேண்டும். ஒரு விளக்கக் கையேடு வந்தால் கையேட்டு அட்டவணை மாற வேண்டும். பொது நூலகக் கோப்பு வந்தால் அதன் முகவரிப் பட்டியல் மாற வேண்டும். மெனுவில் பெயர் ஏற வேண்டும். சின்னப் படம் ஏற வேண்டும்.

முன்பெல்லாம் இந்தப் பொறுப்பு வருகிறவன் தலையில் இருந்தது. ஒவ்வொரு எழுத்துருப் பொட்டலமும் தன் சீட்டில், "ஃபாண்ட்கான்ஃபிக் என்று ஒருவர் வீட்டில் இருக்கிறாரா பார், இருந்தால் பதிவேட்டைத் திருத்தச் சொல்" என்று எழுதிக் கொண்டு வரவேண்டும். பத்து எழுத்துரு வந்தால் பத்துத் தடவை அதே பதிவேடு முதலிலிருந்து எழுதப்படும். கம்ப்யூட்டரை விழிக்கச் செய்யும் ஆரம்ப மூட்டை ஒன்று உண்டு. ஒரே புதுப்பித்தலில் அந்த மூட்டையை மூன்று நான்கு தடவை அவிழ்த்துக் கட்டிய காலமும் இருந்தது. மெதுவாக ஓடும் பழைய கம்ப்யூட்டர்களில் இதற்காகவே காத்துக் கிடந்தவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும்.

புரோகிதர் விரலை உயர்த்தினால்…

இதற்கு இயன் ஜாக்சன் என்பவர் ஒரு யுக்தி கண்டார். டிபிகேஜி நிர்வாகியை 1990-களில் இன்றைய உருவத்துக்குக் கொண்டு வந்தவர் அவர். 2007-08 வாக்கில் அதில் "டிரிக்கர்" என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார். 2009 பிப்ரவரியில் வந்த லென்னி என்ற பதிப்பிலிருந்து அது டெபியன் பயனர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. ரெட் ஹாட் வகையறாவின் ஆர்.பி.எம். நிர்வாகியிடம் 1990-களிலேயே ஒரு மாதிரியான டிரிக்கர் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கோப்பு வைக்கப்பட்ட இடத்தைப் பார்த்துத் தானாக எழும் வகை அங்கே 2016-ல்தான் வந்தது.

யுக்தி இதுதான். நம் கல்யாண வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். புரோகிதருக்கு ராகம் தெரிய வேண்டியதில்லை. நாதஸ்வரக்காரருக்கு மந்திரம் தெரிய வேண்டியதில்லை. புரோகிதர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம்!" என்கிறார். மேளம் முழங்குகிறது. எந்த மேளக்காரர், எத்தனை பேர், எந்த ஊர் என்பது புரோகிதருக்கு அனாவசியம். மேளக்காரர்தான் அந்த விரலின் மேல் கண்ணாக இருக்கிறார்.

அதாவது பொறுப்பு இடம் மாறிவிட்டது. வருகிறவன் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. அக்கறை உள்ளவன் முன்கூட்டியே நிர்வாகியிடம் சொல்லி வைத்து விடுகிறான். ஃபாண்ட்கான்ஃபிக் பொட்டலத்துக்குள் ஒரு சிறு கோப்பு இருக்கிறது. "எழுத்துருக்கள் வைக்கும் அடுக்கில் யார் எதை வைத்தாலும், எடுத்தாலும், எனக்குத் தெரிவி" என்பது அதன் சாரம். லோஹித் எழுத்துருவுக்கு ஃபாண்ட்கான்ஃபிக் என்று ஒருவர் இருப்பதே தெரிய வேண்டாம். அது தன் இடத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். நிர்வாகி கவனித்துக் கொள்வார்.

இது கோப்பைப் பார்த்து எழும் டிரிக்கர். இன்னொரு வகை, பெயர் சொல்லி அழைப்பது. "ஆரம்ப மூட்டை கட்டுகிறவரே, உமக்கு வேலை இருக்கிறது" என்று ஒரு பொட்டலம் வெளிப்படையாகவே குரல் கொடுக்கும். இரண்டையும் நிர்வாகி தம் குறிப்பேட்டில் எழுதிக் கொள்கிறார்.

எழுதிக் கொள்கிறார் என்றுதான் சொன்னேன், உடனே செய்துவிடுவதில்லை. இங்கேதான் இந்த ஏற்பாட்டின் முழு அழகும் இருக்கிறது. பந்தியில் ஒருவர் சாப்பிட்டு எழுந்தவுடனே அவர் இலையை மட்டும் எடுத்து, அந்த இடத்தை மட்டும் துடைத்துக் கொண்டிருப்பார்களா? பந்தி முழுவதும் எழுந்த பின், ஒரே வீச்சில் இலை எடுத்து, ஒரே தடவை துடைப்பார்கள். அதே முறைதான் இங்கும். நாற்பது பொட்டலங்கள் நாற்பது தடவை விரலை உயர்த்தினாலும், நிர்வாகி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு தடவை அழைப்பார். அழைக்கப்படுகிறவருக்கு "டிரிக்கர்டு" என்ற ஒரு சொல்லும், எந்தெந்தக் காரணத்துக்காக என்ற பட்டியலும் மட்டும் கிடைக்கும். எத்தனை பேர் அழைத்தார்கள், யார் முதலில் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லப்படாது. அவரும் கேட்கக் கூடாது. இருக்கிற நிலையைப் பார்த்து, பதிவேட்டைச் சரி செய்து விட்டுப் போக வேண்டியதுதான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழைத்தாலும் கெடுதல் வராதபடி அவர் வேலை இருக்க வேண்டும்.

கடைக்காரர் டீ சொல்லப் போன நேரம், பந்தி எழுந்து இலை எடுக்க ஆள் குனிந்த நேரம். எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்ததில் தவறில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சம்பந்தி மரியாதை

ஒரு சந்தேகம் எழலாம். மேளம் முழங்கி முடியும் வரை தாலி கட்டியது கணக்கில் வருமா, வராதா? டெபியனில் இதற்கும் விதி உண்டு. விரலை உயர்த்திய பொட்டலம், அழைக்கப்பட்டவர் வேலையை முடிக்கும் வரை "முடிந்தது" என்ற முத்திரையைப் பெறாது. "காத்திருக்கிறது" என்ற நிலையில் நிற்கும். அழைக்கப்பட்டவர் "நிலுவையில்" என்ற நிலையில் நிற்பார். அவசரமில்லாத காரியங்களுக்கு "நான் காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லிவிடவும் வழி செய்திருக்கிறார்கள். கையேட்டு அட்டவணை பத்து நிமிஷம் தாமதமானால் குடி முழுகிப் போகாது அல்லவா?

ஏன் அந்த வழி? சம்பந்திகள் இருவர் பந்தி வாசலில், "நீங்கள் முதலில்", "இல்லை, நீங்கள்தான் முதலில்" என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் உட்காராததால் பின்னால் ஐம்பது பேர் பசியோடு நிற்பார்கள். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க, அதுவும் இதற்காகவே காத்திருந்தால் கம்ப்யூட்டரிலும் இதே கதிதான். ஒருவர் அழைக்க, அவர் இன்னொருவரை அழைக்க, அவர் முதலாமவரை அழைக்க என்று வட்டமாகச் சுற்றவும் கூடும். நிர்வாகி இதைக் கவனித்து, "டிரிக்கர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன, கைவிட்டேன்" என்ற பொருளில் ஒரு செய்தியைத் திரையில் எழுதிவிட்டு நிறுத்திக் கொள்வார். மனிதர்களில் இவ்வளவு தெளிவாகச் சொல்லி விலகுகிறவர்கள் குறைவு.

சிவாஜிநகரில் நடந்தது

நம் கடைக்காரரின் கதைக்கு வருவோம். அக்காள் மகன் போனிலேயே வைத்தியம் பார்த்தான். அவன் சொன்ன விளக்கம் இது. புதுப்பித்தலில் புதிய கெர்னல், அதாவது லினக்ஸின் மூல விதை, வந்து இறங்கிவிட்டது. துவக்கப் பட்டியலில் அதன் பெயரும் ஏறிவிட்டது. ஆனால் வட்டைத் திறக்கும் சாவிகளைக் கட்டி வைக்கும் ஆரம்ப மூட்டை இருக்கிறதே, அதைக் கட்டுகிறவருக்கு ஓலை போய்ச் சேர்ந்திருந்ததே தவிர, அவர் கயிற்றைக் கையில் எடுப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது, சாவி இல்லை. கம்ப்யூட்டர் தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

"பழைய கெர்னல் அப்படியேதான் இருக்கும் மாமா. ஆரம்பத்திலே வர்ற பட்டியல்லே ரெண்டாவதா அட்வான்ஸ்டுனு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுக்குள்ளே போய் பழையதை எடுங்க."

எடுத்தார். கம்ப்யூட்டர் எழுந்தது. பிறகு அவன் ஒரே ஒரு வரியைத் தட்டச் சொன்னான். டிபிகேஜி, இரட்டைக் கோடு, கான்ஃபிகர், ஒற்றைக் கோடு, ஏ. "எது பாதியில் நிற்கிறதோ அத்தனையையும் முடித்து வை" என்று அதற்கு அர்த்தம். குறிப்பேடு வட்டில் இருந்தது. மின்சாரம் போனதால் அது அழியவில்லை. நிர்வாகி அதைத் திறந்து, நிலுவைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். "பிராசசிங் டிரிக்கர்ஸ் ஃபார்…" வரிகள் மறுபடியும் வந்தன. இந்தத் தடவை கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் என் டீயை ஆறவிட்டு அந்த வரிகளையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

யார் வேண்டுமானாலும் விரலை உயர்த்தலாமா?

மறு ஞாயிறு அக்காள் மகனை நேரிலேயே சந்தித்தேன். இந்த நகரத்தில் 2001-ல் "லினக்ஸ் பெங்களூர்" என்ற மாநாடு தொடங்கியது, 2005 முதல் "ஃபாஸ்.இன்" என்ற பெயரில் நடந்தது. அதற்கு வந்தவர்களில் அவனுடைய கல்லூரி ஆசிரியரும் ஒருவராம். பையன் வேறொரு விஷயத்தைச் சொன்னான். அது என்னைச் சற்றுக் கலக்கியது.

பொட்டலத்துக்குள் உத்தரவுச் சீட்டு இருக்கிறது, அதை முழு அதிகாரத்தோடு நிறைவேற்றுகிறார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? டெபியனில் பொட்டலம் கட்டுகிறவர்கள் தெரிந்த மனிதர்கள். பல வருஷம் பழகி, முத்திரை வாங்கி, அதன் பிறகே அவர்கள் பொட்டலம் உள்ளே வரும். ஆனால் இணையத்தளங்களைக் கட்டும் இளைஞர்கள் நாள்தோறும் எடுக்கும் என்.பி.எம். என்ற பெருங்கிடங்கு அப்படியல்ல. அங்கே கணக்குத் தொடங்கிய எவரும் பொட்டலம் வைக்கலாம். அந்தப் பொட்டலத்திலும் "பிரித்த பின் இதைச் செய்" என்ற சீட்டு இருக்கும். ஒன்றை எடுத்தால் அதன் பின்னால் நூறு வரும். நூறு சீட்டையும் படித்துப் பார்க்கிறவர் யார்?

2021 அக்டோபரில் யு.ஏ. பார்சர் ஜே.எஸ். என்ற பிரபலமான பொட்டலத்தை வைத்திருந்தவரின் கணக்கு களவு போயிற்று. திருடர்கள் அதே பெயரில் புதிய பொட்டலம் வைத்தார்கள். அதைப் பிரிப்பதற்கு முன்னாலேயே சீட்டு ஓடி, பிறருடைய கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக நாணயம் தோண்டும் வேலையைத் தொடங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் வந்தது அதைவிடப் பயங்கரம். "ஷாய்-ஹுலுத்" என்று அதற்குப் பெயர். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' நாவலில் வரும் ராட்சத மணற்புழுவின் பெயர். பொட்டலத்தைப் பிரித்தவுடன் சீட்டு ஓடும். அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் ரகசியச் சாவிகளைத் திருடும். திருடிய சாவியைக் கொண்டு, அந்த மனிதர் கிடங்கில் வைத்திருக்கும் மற்றப் பொட்டலங்களுக்குள்ளும் தன்னையே வைத்துக் கொள்ளும். அவற்றை எடுத்தவர்கள் வீட்டில் மறுபடியும் அதே கதை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் கெட்டன. நவம்பரில் இரண்டாவது அலையும் வந்தது. அது பிரிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. முன்சீட்டிலேயே வேலையை முடித்துக் கொண்டது.

"எங்க ஆபீஸ்லே இப்போ சீட்டே ஓடக் கூடாதுன்னு வெச்சிருக்கோம் சார். பி.என்.பி.எம்.னு ஒரு கருவி. 2025 ஜனவரியிலே வந்த பத்தாவது பதிப்பிலேருந்து, வெளிப் பொட்டலத்தோட சீட்டை அதுவா ஓட்டாது. இன்ன இன்ன பொட்டலத்துக்கு மட்டும் அனுமதின்னு நாமளே பேர் எழுதிக் கொடுக்கணும்" என்றான்.

பேரை எழுதிக் கொடுப்பது அலுப்பான வேலை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முணுமுணுக்கிறார்களாம். முணுமுணுக்கட்டும். சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து, ஒரு அறையில் நால்வராகத் தங்கி, கம்பெனியின் சாவிகளைத் தம் லேப்டாப்பில் சுமந்து திரியும் பிள்ளைகள் அவர்கள். சாவி தொலைந்தால் முதலில் கேட்கப்படுகிறவனும் அந்தப் பிள்ளைதான். சீட்டு எழுதியவன் எந்தத் தேசத்தில் இருக்கிறானோ!

கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தவர், "அப்ப என் மெஷின்லே அன்னிக்கு வந்த எழுத்து?" என்று பையனைப் பார்த்தார்.

"அது டெபியன்காரங்க முத்திரை போட்டது மாமா. அதுலே சீட்டே கிடையாது. வந்து உட்கார்ந்துச்சு, அவ்வளவுதான். எழுந்து வேலை செஞ்சது நம்ம வீட்டு ஃபாண்ட்கான்ஃபிக்."

யோசித்துப் பார்த்தால், டிரிக்கரின் பெரிய நன்மை இதுவே என்று எனக்குப் படுகிறது. வேகம் என்பது அதற்கு அடுத்தபடிதான். வருகிறவன் வெறுங்கையோடு வரலாம். ஏற்கெனவே வீட்டில் உள்ள நம்பிக்கையானவர் எழுந்து ஆக வேண்டியதைச் செய்வார். வந்தவன் கையில் உத்தரவுச் சீட்டு எதற்கு?

அன்று மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பத்திரிகையின் மாதிரி பிரிண்டரிலிருந்து வந்தது. அல்சூர்ப் பெரியவர் அதுவரை போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு, பேத்தியின் பெயரைப் படித்தார், மாப்பிள்ளையின் பெயரைப் படித்தார், முகூர்த்த வரிக்கு வந்தார். 'காலை' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். 'லை'யின் துதிக்கை அழகாக வளைந்திருந்தது. பிறகு மடியிலிருந்த பழைய பத்திரிகையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முந்நூறு சொல்லியிருந்தேன். நானூறா போட்டுடுங்க" என்றார்.